மார்கழியில் கப்பல் ஏறுவதென்றால் எந்தக் கரை?

17 நவம்பர் 2024

அம்மாபேட்டையிலிருந்து ஒருவர் கேட்டது: "அப்பாவுக்கு 70 முடிகிறது. ஜனவரியில் அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போகலாம் என்று தம்பியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். ஏழு நாள் மத்தியதரைக் கடல் பயணம் ஜனவரியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறார் ஏஜென்ட். அம்மாவுக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது. வெயில் உள்ள இடமாக வேண்டும். பார்சிலோனா, ரோம் எல்லாம் வெயில்தானே?"

இல்லை. பார்சிலோனாவில் ஜனவரிப் பகலே 14 டிகிரிதான். ராத்திரி ஐந்தோ ஆறோ. ரோமும் அப்படித்தான். பாதி விலைக்கு விற்பதே அதனால்தான். ஐரோப்பாக்காரர்களே அந்த மாதத்தில் வெயில் தேடி வேறு பக்கம் போய்விடுகிறார்கள். உங்கள் அம்மாவை அங்கே கூட்டிப்போகாதீர்கள்.

நான் ஏற்காடு மலையில் நாகலூர்க்காரி. மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டு வாசலில் விடிகாலை 12, 13 டிகிரி. பனி இறங்கினால் எதிரே நிற்கும் சவுக்கு மரம் தெரியாது. என் அத்தைக்கு 76 வயது, வீசிங் உண்டு. அவருக்காக மூன்று முறை குளிர்காலத்தில் கப்பல் ஏறியிருக்கிறோம். ஒன்று தப்பு, ஒன்று பாதி சரி, ஒன்று முழுக்கச் சரி. தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன். அதுவரை ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

18 நவம்பர் 2024

ராத்திரி படுத்தபின் யோசித்தேன், முதலில் காற்றைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாரும் டிகிரியைப் பார்க்கிறார்கள். கப்பலுக்கு அது போதாது. நம் பெரியவர்கள் காற்றுக்குத் திசை வைத்துப் பெயர் சொன்னார்கள்: தெற்கே இருந்து வந்தால் தென்றல், வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கோடை. ஐப்பசி முதல் மாசி வரை இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரைக்கும் வடகிழக்கிலிருந்துதான் காற்று. அந்தக் காற்று கடலைத் தாண்டி எந்தக் கரையில் மோதுகிறதோ அங்கே மழையும் அலையும். மலைக்கு அந்தப்புறம் இருக்கும் கரையில் வெயிலும் அமைதியும்.

இதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம். தாய்லாந்தில் புக்கெட் மேற்குக் கரை, டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல வெயில். அதே நாட்டில் கிழக்கே இருக்கும் கோ சாமுயில் நவம்பரில்தான் கொட்டோ கொட்டென்று கொட்டும். மலேசியாவில் பினாங்கு, லங்காவி இரண்டும் மேற்கு. கிழக்குக் கரையில் ரெடாங், தியோமான் தீவுகளில் அந்த மாதங்களில் பல விடுதிகளைப் பூட்டியே விடுவார்கள். இலங்கையில் கொழும்பு, காலி பக்கம் ஜனவரி அருமையாக இருக்கும். திருகோணமலை பக்கம் ஈரம். இந்தியாவிலும் அதே கதைதான்: கோவா, கொச்சி, லட்சத்தீவு ஒரு பக்கம், சென்னை, நாகப்பட்டினம் இன்னொரு பக்கம்.

அதனால் ஏஜென்ட்டிடம் "எந்த நாடு" என்று கேட்காதீர்கள். "எந்தக் கரை" என்று கேளுங்கள்.

18 நவம்பர் 2024, இரவு

மேலே ஒன்று விட்டுப்போனது. நம் ஊர்க் கப்பலை வைத்தே புரிந்துகொள்ளலாம். கார்டிலியா என்ற சுற்றுலாக் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பியது, முதலமைச்சர் கொடியசைத்தார். சென்னைக்கு ஏன் ஜூனில் வந்தது? அப்போது தென்மேற்குப் பருவம், மும்பைக் கரையில் கடல் கொந்தளிக்கும். சென்னைப் பக்கம் தேவலை. குளிர்காலத்தில் அதே கப்பல் மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று ஓடுகிறது. பருவத்துக்குப் பருவம் கரை மாறி நிற்கிறது. நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

21 நவம்பர் 2024

சூரமங்கலத்து அண்ணா ஒருவர் கேட்கிறார்: "ஜனவரியில் சேலத்திலேயே மதியம் 30 டிகிரி. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் குளிர் போயிற்று. இதற்குக் கப்பல் எதற்கு?"

நியாயமான கேள்வி, அண்ணா. டாக்டரும் இதையேதான் சொன்னார், "கீழே போய் ஒரு மாசம் இருங்க." போனோம். அஸ்தம்பட்டியில் நாத்தனார் வீட்டில் மூன்று வாரம். வீசிங் குறைந்தது உண்மை. ஆனால் அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பஸ் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் காப்பித் தோட்டத்தில் நடந்த கால்கள். ஒரு நாள் என்னிடம், "கண்ணு, நான் கடலைப் பாத்ததே இல்ல, தெரியுமா" என்றார். கல்யாணம் ஆகி மலையேறியவர் மேட்டூர் அணையைத் தாண்டிப் பெரிய தண்ணீர் பார்த்ததில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மருந்துக்காக மட்டும் என்றால் சேலம் போதும். நாங்கள் போனது அந்தப் பேச்சுக்காகவும்தான்.

26 நவம்பர் 2024

தப்பு செய்த கதை. 2020 ஜனவரி.

கொழுந்தனார் ஷார்ஜாவில் இருக்கிறார். "துபாய்லேருந்து கப்பல் இருக்கு, அண்ணி. அபுதாபி, மஸ்கட் எல்லாம் போகும். பாலைவனம், குளிர் எங்க இருக்கப் போவுது" என்றார். நாங்களும் நம்பினோம். துபாய் என்றாலே வெயில்தானே என்று ஒரு பெட்டிச் சேலை, ஒரே ஒரு ஸ்வெட்டர்.

பகல் 24 டிகிரி, சொர்க்கம். சூரியன் இறங்கியதும் 15. அதுவும் தரையில்தான் 15. கப்பல் 18 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு 33 கிலோமீட்டர். எதிர்காற்றும் சேர்ந்தால் மேல் டெக்கில் பைக்கில் மலை இறங்குகிற மாதிரி முகத்தில் அறையும். அத்தை கேபின் போர்வையைச் சுற்றிக்கொண்டு டெக்கில் ஐந்து நிமிடம் நின்றார். "இதுக்கு நம்ம லேடி சீட்டே தேவல கண்ணு" என்று எங்கள் மலையின் காட்சிமுனையைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான்கு ராத்திரியும் சாப்பாடு முடிந்தால் கேபின்தான்.

துபாய் 25 டிகிரி வடக்கில் இருக்கிறது. சேலம் 11.6. இதை நான் அப்போது வரைபடத்தில் பார்க்கவே இல்லை. பிறகு அதை ஒரு கணக்காகவே வைத்துக்கொண்டேன்: வயதானவர்களை ஜனவரியில் கூட்டிப்போகிற இடம் சேலத்துக்குத் தெற்கே இருக்கட்டும். புக்கெட் 8, மினிக்காய் 8, பினாங்கு 5, சிங்கப்பூர் 1. ராத்திரி மூன்று மணிக்கு டெக்கில் நின்றாலும் காது குளிராது.

இளவட்டங்கள் துபாய் பக்கம் தாராளமாகப் போகலாம், அவர்களுக்கு அந்தக் குளிர் சுகம். கேனரித் தீவுகளும் அதே ரகம். ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் வெயிலுக்கு அங்கேதான் குவிகிறார்கள், ஆனால் அவர்களுக்கு வெயில் என்றால் 20, 21 டிகிரி. நமக்கு அது ஏற்காட்டுக் கார்த்திகை.

3 டிசம்பர் 2024

நேற்றுக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியது, மழை எங்கள் தலையில் இறங்கியது. மலைப்பாதையில் பாறையும் மரமும் விழுந்து வண்டி நிறுத்தம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பியில் முக்கால்வாசியைத்தான் தார்ப்பாய்க்குள் இழுக்க முடிந்தது. மீதி வாய்க்காலோடு போயிற்று.

இந்த நிலையிலும் இதை எழுதக் காரணம் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று இதைவிட நேராகக் காட்ட முடியாது. 2016இல் வர்தா டிசம்பர் 12. 2023இல் மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரம். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலை 2023 அக்டோபரில் ஆசை ஆசையாகத் தொடங்கினார்கள். வானிலையால் அதே மாதத்தில் நிறுத்தி, மறு வருடம் ஆகஸ்டில்தான் திரும்ப ஓடியது. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல் கிட்டத்தட்ட மூன்று நாள் ஓடும், கட்டணம் குறைவு, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பொங்கலுக்கு முன் வயதானவர்களோடு வேண்டவே வேண்டாம்.

சார்ஜ் 11 சதவீதம். மீதி பிறகு.

4 டிசம்பர் 2024

18ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். மேற்குக் கரை அமைதி என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட்டேன். டிசம்பர் தொடக்கத்துக்கு அது பொருந்தாது. 2017இல் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களை வாரிக்கொண்டு போனது நவம்பர் கடைசியில். அங்கிருந்து நேரே லட்சத்தீவுக்குத்தான் போனது. நாங்கள் 2018 பிப்ரவரியில் கல்பேனி போனபோதும் சாய்ந்த தென்னைகள் சாய்ந்தபடியே கிடந்தன. அத்தை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். காய்த்த மரம் விழுந்தால் தோட்டக்காரருக்குத் தாங்காது.

அதனால் மேற்குக் கரை என்றாலும் டிசம்பர் 20க்கு மேல். பொங்கல் கழித்து என்றால் இன்னும் நல்லது.

7 டிசம்பர் 2024

கரண்ட் வந்துவிட்டது. லட்சத்தீவு விவரம் நிறையப் பேர் கேட்கிறீர்கள், எழுதுகிறேன். இதுதான் நான் சொன்ன பாதி சரி.

கொச்சியிலிருந்து கப்பல். சேலம் ஜங்ஷனில் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஏறினால் எர்ணாகுளத்தில் இறங்கிவிடலாம், விமானச் செலவே இல்லை. விசா இல்லை, ஆனால் நுழைவு அனுமதி கட்டாயம், அதற்குக் காவல் துறைச் சான்று வேண்டும், முன்கூட்டியே தொடங்குங்கள். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவே சமுத்திரம் என்ற பெயரில் பயணம் நடத்துகிறது: எம்.வி. கவரத்தி கப்பலில் ஐந்து நாள், கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்று தீவுகள். பகலில் தீவு, ராத்திரி கப்பல். ஆடம்பரம் எதிர்பார்க்காதீர்கள், சோறு, மீன் குழம்பு, சப்பாத்தி, சுத்தமான படுக்கை. மது கிடையாது, பாங்காரம் தவிர தீவுகளில் அதற்குத் தடை. எங்களுக்கு அது நிம்மதி.

காற்று, வெயில், தண்ணீர் எல்லாம் பத்துக்குப் பத்து. பகல் 31, ராத்திரி 25. கடல் தண்ணீர் வெதுவெதுப்பு, அத்தை முழங்கால் வரை நின்றுகொண்டு வெளியே வர மாட்டேன் என்றார். வீசிங் மருந்தை ஐந்து நாளில் ஒரு தடவைதான் எடுத்தார். மினிக்காயில் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது, ஏறிப் பார்க்கலாம். அங்கே பேசுவது மலையாளம் இல்லை, மஹல், மாலத்தீவு மொழியின் உறவு.

பிறகு ஏன் பாதி? கல்பேனியில் கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நின்றது. கரைக்கு ஜெட்டி வழியாக இறங்குவது இல்லை. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கிறது, அதற்குக் கீழே படகு ஆடுகிறது. அலை ஏறும்போது படகு கதவு வாசலுக்குச் சமமாக வரும், மறு நொடி ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கும். அந்தச் சமமான நொடியில் கால் வைக்க வேண்டும். அத்தை சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார், செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கப்பலில் இருவர், படகில் இருவர், நாலு பேரும் தீவுக்காரர்கள். மேலே நின்ற பையன் அத்தையின் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு அலையை விட்டுவிட்டான். மூன்றாவது அலையில் "உம்மா, இப்போ" என்றான். அத்தை காலை வைத்துவிட்டார். கீழே இருந்தவர்கள் பூக்கூடையை வாங்குவது போல வாங்கி உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் அப்போது அத்தைக்கு 70 வயது, முழங்கால் நல்ல முழங்கால். இப்போது முடியாது. உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

8 டிசம்பர் 2024

இதிலிருந்து இன்னொரு கேள்வி வருகிறது, எந்த ஊர்க் கப்பலானாலும் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: "கப்பல் துறைமுகத்தில் கட்டி நிற்குமா, நங்கூரம் போட்டு வெளியே நிற்குமா?" பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டி நிற்கிறது, படி இறங்கினால் ஊர். புக்கெட்டில் பாத்தோங் பக்கம் என்றால் பெரும்பாலும் வெளியே நின்று சிறு படகு. மூட்டுவலிக்காரர் அன்று கப்பலிலேயே இருந்துவிடலாம், அவமானம் ஒன்றும் இல்லை.

15 டிசம்பர் 2024

சரியாக வந்த பயணம். 2024 ஜனவரி, பொங்கல் முடிந்த மறுவாரம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம், அங்கிருந்து கப்பல், பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர்.

இந்த வழி ஏன் நல்லது என்றால், சிங்கப்பூரை விட்டதும் கப்பல் மலாக்கா நீரிணைக்குள் நுழைந்துவிடுகிறது. ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. இரண்டு மதிலுக்கு நடுவே போகிற மாதிரி. அலையே இல்லை, டம்ளரில் தண்ணீர் ஆடவில்லை. இதே சிங்கப்பூரிலிருந்து கிழக்கே திரும்பி வியட்நாம், ஹாங்காங் போகும் கப்பல்களும் உண்டு. ஜனவரியில் அந்தப் பக்கம் தென்சீனக் கடலில் வாடை நேராக வந்து அடிக்கும். போய்ச் சேரும் ஹாலாங் விரிகுடாவிலும் 15, 18 டிகிரி, மூடுபனி. படம் பார்த்து மயங்காதீர்கள். ஒரே துறைமுகம், இடது திரும்பினால் ஒரு பருவம், வலது திரும்பினால் வேறு பருவம்.

பினாங்கில் இறங்கிய அன்று தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருந்தது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கி சோதனை, முருகன் பாட்டு. துறைமுகத்திலிருந்து குயின் தெருவில் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம், அத்தை நடையில் கால் மணி. 1833இல் எழுந்த கோயில், பினாங்கின் இந்துக் கோயில்களிலேயே பழையது. உள்ளே நுழைந்ததும் அர்ச்சகர் தமிழில், "எந்த ஊரும்மா?" என்றார். அத்தை, "சேலம் பக்கம், சேர்வராயன் மலை" என்றார். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா பற்றி அரை மணி பேசிக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டி வந்தும் மாரியம்மன்தான் வாசலில் நிற்கிறாள் என்று அத்தைக்கு ஒரே பூரிப்பு.

குளிர்? கப்பலுக்கு உள்ளேதான்! இதை யாருமே முன்னால் சொல்லவில்லை. வெளியே 30 டிகிரி, சாப்பாட்டுக் கூடத்தில் ஏசி 20க்குக் கீழே. அத்தைக்கு முதல் நாள் ராத்திரி இழுக்க ஆரம்பித்துவிட்டது. வெயில் தேடி வந்து ஏசியில் வீசிங். மறுநாளிலிருந்து திறந்த டெக்கில் இருந்த பஃபேயிலேயே மூன்று வேளையும். கேபின் ஏசியைக் கூட்டிக் குறைக்க முடிந்தது, கூடங்களில் முடியவில்லை. காதுக்கு மப்ளர், தோளுக்குச் சால்வை, காலுறை இவை கேரிபியன் போனாலும் வேண்டும்.

16 டிசம்பர் 2024

விசா பற்றி. நாங்கள் போனதற்கு முந்தின மாதம், 2023 டிசம்பர் 1லிருந்து, மலேசியா இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று சொல்லியிருந்தது; ஆன்லைன் வருகைப் படிவம் மட்டும் நிரப்பினோம். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். முக்கியமானது: கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்ப சிங்கப்பூருக்கே வருகிறது, அதாவது இரண்டு நுழைவு. பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஐந்து மாதம் இருபது நாள் இருந்தது. கடைசி நேரத்தில் தட்கலில் புதுப்பித்தோம்.

22 டிசம்பர் 2024

பணம். சேலத்தில் ஓர் ஏஜென்ட் சொன்ன தொகைக்கும் நாங்கள் கட்டிய தொகைக்கும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். அவர் சொன்னது கேபின் வாடகை மட்டும். போர்ட் சார்ஜ் தனி, ஒரு தலைக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தனி, இன்ஷூரன்ஸ் தனி, கரையில் வண்டி தனி. அதனால் எழுத்தில் கேளுங்கள்: "எல்லாம் சேர்த்து, நாலு பேருக்கு, வீடு திரும்பும் வரை." விலையும் ஒருவருக்கு என்று போட்டிருப்பார்கள், ஆனால் அது ஒரு கேபினில் இருவர் தங்கினால் வரும் விலை.

எப்போது மலிவு: டிசம்பர் முதல் இரண்டு வாரம், பிறகு பொங்கல் கழித்துச் சீனப் புத்தாண்டுக்கு முன். பள்ளி அரையாண்டு விடுமுறையும் புத்தாண்டும் சேர்ந்த பத்து நாள் எங்கும் நெருப்பு விலை. வரும் 2025இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29. அதற்கு முந்தைய வாரத்தைப் பாருங்கள்.

அம்மாபேட்டைத் தம்பியிடம் போனில் பேசும்போது பால்கனி கேபின் வீண் செலவு, உள்கேபின் போதும், தூங்க மட்டும்தானே போகிறோம் என்று சொல்லிவிட்டேன். இன்று அத்தையிடம் அதைச் சொன்னேன். அவர் சும்மா இருந்தார். கொஞ்சம் கழித்து, "எனக்கு ஞாபகம் இருக்கறது அந்த பால்கனிதான் கண்ணு" என்றார்.

உண்மை. தோட்டத்து வழக்கப்படி நாலரைக்கு எழுந்துவிடுவார். பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவார். கப்பலில் கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதுவும் கொண்டுபோகக் கூடாது, வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் பித்தளை ஃபில்டருக்குக் கரண்ட் வேண்டாமே. எங்கள் தோட்டத்துப் பீபெரி காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து எடுத்துப்போயிருந்தேன். ராத்திரியே பஃபேயில் ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வைத்து, விடிகாலையில் ஃபில்டரில் ஊற்றினால் ஐந்து மணிக்கு டிகாக்‌ஷன். அத்தை டவரா டம்ளரில் ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே கடல் வெளுப்பதைப் பார்ப்பார். வெதுவெதுப்பான கடற்காற்று, ஏசி இல்லை, கூட்டம் இல்லை, இழுப்பு இல்லை. பகலில் எங்கே சுற்றினோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நடக்க முடியாதவரைக் கூட்டிப்போனால் பால்கனிக்குச் செலவு செய்யுங்கள், வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள்.

29 டிசம்பர் 2024

கேரிபியன் பற்றி ஒரு தங்கை கேட்டிருக்கிறார், அமெரிக்காவில் இருக்கிறாராம், மாமியார் சேலத்திலிருந்து வருகிறாராம். அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் சரி. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30, அது முடிந்து டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, கடல் 26, 27 டிகிரி. 16 டிகிரி வடக்கில் இருக்கும் தீவுகள்கூடக் குளிராது. என் 'சேலத்துக்குத் தெற்கே' கணக்கு அங்கே செல்லாது. மியாமியில் கப்பல் ஏறும் முதல் நாளும் இறங்கும் நாளும் மட்டும் சில்லென்று இருக்கலாம்.

ஒன்று சொல்ல ஆசை. குவாதலூப், மார்த்தினிக் நிற்கும் கப்பலாக எடுங்கள். 1854 டிசம்பரில் ஓரெலி என்ற கப்பல் நம் ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிக்கு குவாதலூப்பில் கொண்டுபோய் இறக்கியது. அதற்கு முந்தின வருடம் அதே கப்பல் மார்த்தினிக் போயிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள். மொழி போய்விட்டது, பிரெஞ்சும் கிரியோலும்தான். ஆனால் மாரியம்மன் போகவில்லை, மதுரை வீரன் போகவில்லை. குவாதலூப்பில் சாங்கி கோயில் கோபுரம் ரோட்டிலிருந்தே தெரியும். அந்தத் தீவுகளில் எல்லாரும் சமைக்கும் ஒரு குழம்புக்கு 'கொலம்போ' என்று பெயர், மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு சேர்த்த பொடி. குழம்பு என்ற நம் சொல்தான் அப்படி உருண்டிருக்கிறது என்கிறார்கள். என் கொழுந்தனார் அந்தப் பொடி ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார், முகர்ந்து பார்த்த அத்தை, "வெந்தயம் கம்மி" என்றார்.

பிரெஞ்சுத் தீவுதான் என்றாலும் ஐரோப்பாவுக்கான சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் அத்தையால் முடியாது. நான் ஒரு நாள் போவேன்.

5 ஜனவரி 2025

வாந்தி. மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர்கள் கப்பலிலும் எடுப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் நேர்மாறு. என் மகள் பதினாலாவது வளைவில் தவறாமல் எடுப்பாள், கப்பலில் கல் மாதிரி இருந்தாள். வளைவுக்கு வளைவு ஒரு முறை ஊசல் வருகிறது, கப்பல் ஆடுவது வேறு ஊசல், மெதுவானது.

கேபின் எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளம் கேளுங்கள். சீசா பலகையின் நடுவே உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு, அதே கணக்கு. பால்கனி நடுவில் கிடைத்தால் இரண்டும் ஆயிற்று. அவோமின் (வாந்தி மாத்திரை) போடுவதென்றால் தலை சுற்றிய பிறகு பயனில்லை, முன்னாலேயே போட வேண்டும். தூக்கம் வரும். வேறு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. எலுமிச்சையும் இஞ்சி முரப்பாவும் கைப்பையில் இருக்கட்டும்.

12 ஜனவரி 2025

அம்மாபேட்டைத் தம்பி பதிவு செய்துவிட்டார். மத்தியதரைக் கடல் இல்லை. சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், 20ஆம் தேதி வாரம், பெற்றோருக்கு நடுக் கப்பலில் பால்கனி, இவர்கள் இருவருக்கும் உள்கேபின். எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

தம்பி, ஒன்று விட்டுவிட்டேன். சிங்கப்பூரில் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் மழை அதிகம். முதல் நாள் கொட்டினால் பயந்துவிடாதீர்கள், கப்பல் வடக்கே ஏற ஏற வானம் வெளுக்கும். கப்பல் கிளம்பும் நாளுக்கு ஒரு நாள் முன்பே சிங்கப்பூரில் இறங்கிவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேர ராத்திரி ஆகும்.

2 பிப்ரவரி 2025

போய் வந்துவிட்டார்கள். நேற்று தம்பி அப்பா அம்மாவோடு மலையேறி வந்திருந்தார், பறிப்பும் முடிந்து வீடு ஓய்ந்திருந்த நேரம். அவர் அம்மா புக்கெட்டில் படகில் இறங்கவில்லை, பால்கனியிலேயே இருந்தாராம். பினாங்கில் கோயிலுக்கு நடந்தே போனாராம். சிங்கப்பூரில் முதல் நாள் நல்ல மழை. ஏசிக்குச் சால்வை உதவியது. அப்பாவுக்கு மட்டும் சாப்பாடு பிடிக்கவில்லை, தட்டுவடை டப்பாதான் காப்பாற்றியது.

இரண்டு அம்மாக்களும் களத்து மேட்டில் வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காப்பி கொண்டுபோனேன். அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்த பினாங்கு அய்யர் இருந்தாரா? சேலம்னு சொன்னீங்களா?"